பிங் அடித்தால் பதில் இல்லை, அந்த ஐபி காலியா?

2024 ஜூன் 3, காலை 10.15 (வாசகர் கேள்வி)

அண்ணா, திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் சிஸ்டம் பார்க்கிறேன். கம்ப்யூட்டர், பிரிண்டர், கேமரா, கைரேகை மெஷின் எல்லாம் சேர்த்து முந்நூறுக்குப் பக்கம் இருக்கும். எதற்கு எந்த ஐபி (நெட்வொர்க்கில் அதன் முகவரி எண்) என்ற விவரம் ஒரு எக்செல் ஷீட்டில் இருக்கிறது. புதிதாக ஒரு ஐபி வேண்டுமென்றால் பிங் அடிப்பேன், அதாவது அந்த எண்ணுக்கு ஒரு சோதனைச் செய்தி அனுப்பிப் பார்ப்பேன். பதில் வரவில்லை என்றால் அது காலி, கொடுத்துவிடுவேன். இதற்குத் தனியாக ஒரு மென்பொருள் எதற்கு? எக்செலும் பிங்கும் போதும் என்பது என் கட்சி. யாராவது மறுக்க முடியுமா?

ஜூன் 3, இரவு 9.40

எக்செல் மீது எனக்கு ஒரு குறையும் இல்லை, தம்பி. "பதில் வரவில்லை என்றால் காலி" என்ற இடத்தில்தான் உங்களோடு மோதுகிறேன்.

விண்டோஸ் கம்ப்யூட்டரை வாங்கியபடியே விட்டால் அதன் ஃபயர்வால் பெரும்பாலும் பிங்குக்குப் பதில் தராது. இரவு ஷிஃப்டில் மட்டும் ஓடும் எடை மெஷின் பகல் 11 மணிக்கு அணைந்து கிடக்கும். லீவில் போனவரின் லேப்டாப், ஸ்லீப்புக்குப் போன பிரிண்டர், ஜெனரேட்டர் அறையில் சர்வீஸ் ஆள் வரும்போது மட்டும் போடும் பேனல் என்று எல்லாமே பிங் கணக்கில் காலிதான். அந்த ஐபியை இன்னொன்றுக்குக் கொடுப்பீர்கள், அன்றைக்கு ஒன்றும் ஆகாது. பழையதை யாராவது ஆன் செய்யும் நாளில்தான் வினை வரும். அதற்குள் நீங்கள் கொடுத்ததே உங்களுக்கு மறந்திருக்கும்.

ஒன்று செய்து பாருங்கள். பிங் அடித்த கையோடு அதே கம்ப்யூட்டரில் ஆர்ப் டேபிளைத் திறங்கள். எந்த ஐபி எந்த மேக் அட்ரஸிடம் (சாதனத்தின் சொந்த எண்) இருக்கிறது என்ற பட்டியல் அது. பிங்கை மறுக்கும் மெஷின் கூட ஆர்ப் கேள்விக்குப் பதில் சொல்லியாக வேண்டும், இல்லையென்றால் அதே சப்நெட்டில் (நெட்வொர்க்கின் ஒரு பிரிவு) யாரும் அதனோடு பேசவே முடியாது. 1982-இல் வந்த ஆர்எஃப்சி 826 (இன்டர்நெட் விதிமுறை ஆவணம்) காலத்திலிருந்து ஏற்பாடு இதுதான். பிங் "டைம்ட் அவுட்" காட்டிய ஐபிக்கு எதிரே ஒரு மேக் அட்ரஸ் நின்றால் அங்கே யாரோ இருக்கிறார்கள் என்று அர்த்தம். உங்கள் ஷீட்டில் "காலி" என்று போட்டிருக்கும் ஐபிகளுக்கு மட்டும் இதைச் செய்துவிட்டு வந்து சொல்லுங்கள்.

ஜூன் 4, காலை 7.05

நேற்று எழுதியதற்கு ஓர் எல்லை போட வேண்டும். உங்கள் கம்ப்யூட்டரின் ஆர்ப் டேபிள் உங்கள் சப்நெட்டைத் தாண்டி எதையும் சொல்லாது. அலுவலக சப்நெட்டில் உட்கார்ந்துகொண்டு தையல் பிரிவின் சப்நெட்டைத் தேடினால் கேட்வேயின் (சப்நெட்டை விட்டு வெளியே போகும் வாசல்) மேக் மட்டும்தான் கண்ணில் படும். ஆகவே பார்க்க வேண்டியது கேட்வேயின் டேபிள். லேயர் 3 ஸ்விட்சோ ஃபயர்வாலோ, எது கேட்வேயாக இருக்கிறதோ அதில் எல்லா விலானுக்கும் (ஸ்விட்சில் பிரித்து வைத்த தனித்தனி நெட்வொர்க்) உரிய ஆர்ப் இருக்கும்.

இன்னொன்று. சிஸ்கோ ஐஓஎஸ்-இல் ஒரு ஆர்ப் பதிவு வழக்கமாக 4 மணி நேரம் தங்கும். அதே ஸ்விட்சின் மேக் டேபிள் (எந்த மேக் எந்தப் போர்ட்டில் என்ற பட்டியல்) 5 நிமிடம் சத்தம் இல்லையென்றால் மறந்துவிடும். ஆர்ப்பில் இருக்கிறது, மேக் டேபிளில் இல்லை என்றால் அந்தச் சாதனம் கொஞ்ச நேரம் முன்புவரை இருந்தது, இப்போது பேசவில்லை என்று எடுத்துக்கொள்ளலாம். இரண்டையும் சேர்த்துப் படிக்கப் பழகினால் பாதி வேலை முடிந்த மாதிரி.

ஜூன் 4, மதியம் 1.30

"அணைந்து கிடக்கும் மெஷினை ஆர்ப்பும் காட்டாதே?" என்று மதுரை நண்பர் கேட்டிருக்கிறார். காட்டாது. அதனால்தான் ஒரு முறை பார்த்துவிட்டு முடிவு கட்டக் கூடாது என்கிறேன். கேட்வேயின் ஆர்ப் டேபிளைக் கால் மணிக்கு ஒரு முறை எஸ்என்எம்பி (சாதனங்களிடம் விவரம் கேட்டு வாங்கும் முறை) வழியாக எடுத்து ஒரு டேட்டாபேஸில் போட்டு வையுங்கள். ஒரு மாதம் ஓடட்டும். ஒவ்வொரு ஐபிக்கும் "கடைசியாகக் கண்ட நேரம்" என்று ஒரு பத்தி தானாக உருவாகிவிடும். அந்தப் பத்தி இல்லாத பட்டியலை நான் நம்புவதில்லை.

லாரன்ஸ் பெர்க்லி ஆய்வகத்தில் எழுதிய ஆர்ப்வாட்ச் என்ற சின்ன நிரல் ரொம்ப காலமாக இதைச் செய்கிறது. புதிய மேக் வந்தால் மெயில் போடும். ஒரே ஐபி இரண்டு மேக்குகளுக்கு இடையே மாறி மாறித் தாவினால் "ஃப்ளிப் ஃப்ளாப்" என்று தலைப்புப் போட்டு இன்னொரு மெயில் வரும். லினக்ஸ் தெரிந்தவர்கள் இன்றே போட்டுவிடலாம், காசு கிடையாது.

ஜூன் 5, இரவு 11.20

அந்த ஃப்ளிப் ஃப்ளாப் நேரில் எப்படி இருக்கும் என்று கேட்டதால் எழுதுகிறேன்.

கோவைப் பக்கம் ஒரு ஸ்பின்னிங் மில்லில் வேலை பார்த்தபோது கோன் பேக்கிங் பகுதியில் லேபிள் பிரிண்டர் ஒன்று இருந்தது. திடீரென்று லேபிள் நின்றுவிடும், பத்து நிமிடத்தில் தானாக வரும். பிரிண்டரை மாற்றினார்கள், கேபிளை மாற்றினார்கள், மென்பொருள் ஆளைக் கூப்பிட்டுத் திட்டவும் செய்தார்கள். நான் போய் பிங்கை ஓட விட்டுப் பார்த்தபோது வரிசையாக நாலைந்து பதில், அப்புறம் மௌனம், அப்புறம் பதில். அந்தப் பதில்களிலேயே ஒரு வித்தியாசம் தெரிந்தது. சிலவற்றில் டிடிஎல் (பதிலோடு வரும் ஓர் எண்) 64, சிலவற்றில் 128. ஒரே பிரிண்டர் இரண்டு விதமாகப் பதில் சொல்லாது. லினக்ஸ் அடிப்படையிலான சாதனங்கள் பெரும்பாலும் 64-இல் தொடங்கும், விண்டோஸ் 128-இல் தொடங்கும். அதைப் பார்த்த உடனேயே இன்னொரு விண்டோஸ் மெஷின் அதே ஐபியில் உட்கார்ந்திருக்கிறது என்று புரிந்துவிட்டது.

ஆர்ப் டேபிளை அழித்துவிட்டுத் திரும்பத் திரும்பப் பார்த்து இரண்டு மேக்கையும் குறித்துக்கொண்டேன். பிரிண்டரின் மேக் அதன் பின்பக்க ஸ்டிக்கரில் இருந்தது. மற்றதன் முதல் ஆறு இலக்கத்தைத் தேடியதில் ஒரு லேப்டாப் தயாரிப்பாளர் பெயர் வந்தது. ஸ்விட்சின் மேக் டேபிளில் அது எந்தப் போர்ட் என்று பார்த்து, கேபிளைப் பிடித்துக்கொண்டே போனால் சூப்பர்வைசர் மேஜைக்கு அடியில் ஓர் ஐந்து போர்ட் குட்டி ஸ்விட்ச். மேலே பஞ்சு விரல் கனத்துக்குப் படிந்திருந்தது. லைட் மினுக்குவதே ஊதினால்தான் தெரிந்தது. அதில் ஒரு வயர் மேஜை மேல் ஏறி, மெஷின் சர்வீஸுக்கு வருகிறவர்கள் லேப்டாப்பைச் செருகும் இடத்துக்குப் போனது. சர்வீஸ் ஆள் ஒருவருக்கு அங்கே முன்பு இருந்த யாரோ ஓர் ஐபியை வாயால் சொல்லியிருக்கிறார்கள். அவரும் அதை லேப்டாப்பில் ஸ்டாட்டிக்காக (மாறாத எண்ணாக) அடித்து அப்படியே விட்டுவிட்டார். வரும் நாளிலெல்லாம் லேபிள் நிற்கும்.

அந்த மில்லிலும் பட்டியல் இருந்தது. அதில் அந்த ஐபி பிரிண்டருக்கு என்றுதான் எழுதியிருந்தது. பட்டியலில் பிழை இல்லை. வயரில் நடப்பதோடு அதை யாரும் ஒப்பிட்டுப் பார்க்கவில்லை. ஐபி மேனேஜ்மென்ட் என்றால் என் வரையில் அந்த ஒப்பீடுதான்.

ஜூன் 6, காலை 8.10

"விண்டோஸே ஐபி கான்ஃப்ளிக்ட் என்று மெசேஜ் காட்டுமே" என்று இரண்டு பேர் எழுதியிருக்கிறார்கள். பெரும்பாலும் காட்டும். ஓர் ஐபியை எடுத்துக்கொள்ளும் முன் "இது யாரிடமாவது இருக்கிறதா" என்று ஆர்ப்பில் கேட்டுவிட்டு எடுக்கும் முறையை 2008-இல் ஆர்எஃப்சி 5227 ஒழுங்காக எழுதி வைத்தது. ஆனால் கேட்கும் நேரத்தில் பிரிண்டர் அணைந்திருந்தால் யார் பதில் சொல்வார்கள்? அப்புறம் பிரிண்டர் ஆன் ஆகும்போது அதுவும் கேட்க வேண்டும். மலிவான கேமரா, எடை மெஷின், கைரேகை மெஷின் பலவற்றில் அந்தப் பழக்கம் கிடையாது. ஆன் ஆனதும் நேராகப் பேச ஆரம்பித்துவிடும். தவிர, லேப்டாப்பில் அந்த மெசேஜ் வந்தாலும் யாரும் படிப்பதில்லை, குறுக்கே வந்த பெட்டியை மூடிவிட்டு வேலையைப் பார்ப்பார்கள்.

ஜூன் 8, மாலை 6.00

திருப்பூர் தம்பி வந்து சொல்லிவிட்டார். "காலி" என்று எழுதியிருந்த சில ஐபிகளில் மேக் நிற்கிறதாம், இரண்டு எந்தச் சாதனம் என்றே தெரியவில்லையாம். மேலே சொன்னபடி மேக்கிலிருந்து ஸ்விட்ச் போர்ட், போர்ட்டிலிருந்து கேபிள் என்று நடந்தே போய்ப் பாருங்கள். வேறு குறுக்கு வழி எனக்குத் தெரியாது.

ஷீட்டில் என்னென்ன பத்தி வேண்டும் என்றும் கேட்டிருந்தார். ஐபி, மேக், சாதனம், இடம் இவை எல்லோரிடமும் இருக்கும். எந்த ஸ்விட்ச் எந்தப் போர்ட், யார் கேட்டார்கள், யார் கொடுத்தார்கள், எந்தத் தேதி, எதற்காக, இவைதான் விடுபடும். "எதற்காக" மிக முக்கியம். மூன்று வருடம் கழித்து ஒரு ஐபியை எடுக்கலாமா கூடாதா என்று உங்களுக்குச் சொல்லப் போவது அந்த ஒரு பத்திதான்.

அதைவிட முக்கியமான ஒன்று, யாரும் பேசாதது. விடுவித்த ஐபியை உடனே வேறொன்றுக்குக் கொடுக்காதீர்கள். ஃபயர்வாலில் "இந்த ஐபி பேரோல் சர்வரைத் தொடலாம்" என்று என்றோ எழுதிய விதி இன்னும் இருக்கும். பழைய அக்கவுண்ட்ஸ் கம்ப்யூட்டர் போய்விட்டது, ஐபி மட்டும் கேன்டீன் டேப்லெட்டுக்கு வந்தது என்றால் அந்த அனுமதியும் கூடவே வந்துவிடுகிறது. ஐபியைத் திரும்பப் பெறுவது என்றால் ஃபயர்வால் விதி, டிஎன்எஸ் (பெயருக்கு ஐபி சொல்லும் சேவை) பதிவு, பிரிண்டர் செட்டிங், பேக்கப் வேலை எல்லாவற்றிலும் அந்த எண்ணைத் தேடி எடுத்துவிட்டுத்தான் காலி என்று எழுத வேண்டும். அதுவரை "ஓய்வில்" என்று ஒரு நிலை வைத்துக்கொள்ளுங்கள். நான் ஒரு மாதம் வைப்பேன்.

"அப்போ பிரிண்டருக்கும் ஆதார் கார்டு வேண்டும் போல" என்று மதுரை நண்பர் எழுதியிருக்கிறார். வேண்டும், விலாசம் மாறினால் புதுப்பிக்கவும் வேண்டும்!

ஜூன் 11, காலை 9.30

ஸ்டாட்டிக் ஐபியை ஒவ்வொரு மெஷினாகப் போய் அடிக்கிற வழக்கத்தை விட்டுவிடலாம் என்று நினைக்கிறேன். டிஎச்சிபி சர்வரில் (சாதனங்கள் கேட்கும்போது ஐபி கொடுப்பது) மேக்கைச் சொல்லி ரிசர்வேஷன் போட்டால் பிரிண்டருக்கு எப்போதும் அதே ஐபிதான் கிடைக்கும், விவரமும் ஓரிடத்தில் இருக்கும். கேட்வே மாறினாலும் டிஎன்எஸ் மாறினாலும் ஒரே இடத்தில் திருத்தினால் போதும். சர்வர், ஸ்விட்ச், கேட்வே போன்றவற்றை மட்டும் ஸ்டாட்டிக்காக வையுங்கள், டிஎச்சிபி சர்வரே விழுந்தாலும் அவை நிற்க வேண்டும். ஸ்டாட்டிக் வரம்பையும் டிஎச்சிபி எடுத்துக் கொடுக்கும் பூலையும் ஒன்றோடொன்று மேயாமல் பிரித்து வைத்தால் பாதி கான்ஃப்ளிக்ட் பிறக்கவே பிறக்காது.

ஜூன் 11, இரவு 10.45

கல்லூரி ஹாஸ்டல் வைஃபை பற்றி ஒரு கேள்வி. "ராத்திரி ஏழு மணிக்கு மேல் புதிதாக யாருக்கும் கனெக்ட் ஆகவில்லை. விண்டோஸ் லேப்டாப்பில் 169.254 என்று ஏதோ காட்டுகிறது. இன்டர்நெட் லைனைக் கூட்டினோம், சரியாகவில்லை."

லைனுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை. 169.254 என்றால் டிஎச்சிபியிடமிருந்து பதிலே கிடைக்கவில்லை, லேப்டாப் தானே ஓர் எண்ணை வைத்துக்கொண்டது என்று பொருள். மற்றவர்களுக்கு வேலை செய்கிறது, புதிதாக வருபவர்களுக்கு மட்டும் இல்லை என்றால் பூல் தீர்ந்துவிட்டது. ஒரு /24-இல் (192.168.1 மாதிரி ஒரு வரிசை) சாதனங்களுக்கு 254 முகவரிதான். விண்டோஸ் டிஎச்சிபி சர்வரில் லீஸ் காலம் (ஒரு முகவரியை வைத்துக்கொள்ளத் தரும் அவகாசம்) வழக்கமாக 8 நாள். திங்களன்று விருந்தாளியாக வந்து அரை மணி நேரம் இருந்தவரின் போன் அடுத்த செவ்வாய்வரை ஒரு முகவரியைப் பிடித்துக்கொண்டிருக்கும்.

லீஸைக் குறைத்தால் டிஎச்சிபி சர்வர் தாங்காது என்று பயப்பட வேண்டாம். சாதனம் லீஸின் பாதிக் காலத்தில் ஒரு முறை புதுப்பிக்கக் கேட்கும், கிடைக்காவிட்டால் 87.5 சதவீதத்தில் எந்தச் சர்வரிடமாவது கேட்கும். இரண்டு மணி நேர லீஸ் என்றால் ஒரு போன் மணிக்கு ஒரு முறை ஒரு பேக்கெட் அனுப்பும், அவ்வளவுதான். ஹாஸ்டலுக்கு 4 மணி நேரம், விருந்தாளி வைஃபைக்கு 1 மணி நேரம் என்று வைத்து, பூலையும் /22 ஆக்கினால் 1022 முகவரி கிடைக்கும். நானும் இப்போது ஒரு கல்லூரியில்தான் இருக்கிறேன், எங்கள் ஹாஸ்டலில் இப்படித்தான் ஓடுகிறது.

அப்புறம் கண்காணிப்பு. எத்தனை லீஸ் ஓடுகிறது என்பதை ஐந்து நிமிடத்துக்கு ஒரு முறை எடுத்து வரைபடமாகப் போடுங்கள். பூலில் 80 சதவீதம் நிரம்பினால் எச்சரிக்கை வரட்டும். இதைப் போட்டுவிட்டால் மாணவர்கள் புகார் எழுதும் முன்பே உங்களுக்குத் தெரிந்துவிடும்.

ஜூன் 12, காலை 7.50

"போன்கள் மேக்கைத் தினமும் மாற்றுவதால்தான் பூல் தீர்கிறது, லீஸால் இல்லை" என்று ஒருவர் உறுதியாகச் சொல்கிறார். அவ்வளவு தூரம் போக வேண்டாம். ஆண்ட்ராய்டு 10 (2019), ஐஓஎஸ் 14 (2020) முதல் போன்கள் நிஜ மேக்கை மறைத்து வேறொன்றைக் காட்டுவது உண்மை. ஆனால் சாதாரணமாக ஒரு வைஃபை பெயருக்கு ஒரு போலி மேக் என்று வைத்து அதையே பிடித்துக்கொள்ளும். தினமும் மாற்றாது. பூலை உறிஞ்சுவது வேறு இடத்தில் நடக்கிறது. ஹாஸ்டலுக்கு ஒரு பெயர், லைப்ரரிக்கு ஒரு பெயர், இரண்டும் ஒரே பூல் என்று வைத்திருப்பீர்கள். ஒரே போன் இரண்டு மேக்கோடு வந்து இரண்டு லீஸ் எடுக்கும். பெயரைக் குறைத்தாலே வித்தியாசம் தெரியும்.

போலி மேக்கை அடையாளம் காண்பது சுலபம். இரண்டாவது இலக்கம் 2, 6, ஏ (A), இ (E) ஆகிய நான்கில் ஒன்றாக இருக்கும். அப்படிப்பட்ட மேக்குக்கு ரிசர்வேஷன் போடாதீர்கள், போனை ரீசெட் செய்தால் போய்விடும்.

ஜூன் 13, மாலை 5.15

192.168.0 வரிசையில் திடீரென்று பாதி ஹாஸ்டல் போய்விட்டது என்ற புகாருக்கு: யாரோ ஒரு மாணவர் வீட்டு ரவுட்டரைக் கொண்டுவந்து, சுவர் வயரை அதன் லேன் போர்ட்டில் செருகிவிட்டார். அதுவும் டிஎச்சிபி சர்வர்தான், பக்கத்தில் இருப்பதால் முந்திக்கொண்டு பதில் சொல்கிறது. ஸ்விட்சில் டிஎச்சிபி ஸ்னூப்பிங் போட்டு, நிஜ சர்வர் இருக்கும் போர்ட்டை மட்டும் நம்பச் சொல்லுங்கள். அறைப் போர்ட்டிலிருந்து வரும் டிஎச்சிபி பதில்களை ஸ்விட்சே கொட்டிவிடும். அந்தப் பையனைக் கூப்பிட்டுக் கத்த வேண்டாம், அவனுக்கு அறையில் சிக்னல் இல்லாததுதான் காரணமாக இருக்கும். அங்கே ஓர் ஆக்சஸ் பாயின்ட் போடுங்கள்.

ஜூன் 19, இரவு 11.00

லாக் (நடந்ததைச் சாதனங்கள் நேரத்தோடு எழுதும் பதிவு) பற்றிக் கேட்டார்கள். இதைக் கொஞ்சம் நிதானமாக எழுத வேண்டும், இதில் மனிதர்கள் மாட்டுகிறார்கள்.

2022 ஏப்ரல் 28 அன்று சர்ட்-இன் (இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பு) ஓர் உத்தரவு போட்டது. கம்பெனிகள், சேவை தருபவர்கள், டேட்டா சென்டர்கள், அரசு அமைப்புகள் எல்லோரும் தங்கள் சிஸ்டங்களின் லாக்கை 180 நாள் இந்தியாவுக்குள் வைத்திருக்க வேண்டும், கடிகாரங்களை என்ஐசி (தேசிய தகவலியல் மையம்) அல்லது என்பிஎல் (தேசிய இயற்பியல் ஆய்வகம்) நேர சர்வரோடு பொருத்த வேண்டும் என்கிறது. பலர் 180 நாளைப் பிடித்துக்கொண்டார்கள், கடிகாரத்தை விட்டுவிட்டார்கள்.

எனக்குத் தெரிந்த ஒரு கல்லூரியில் நடந்தது. வெளியிலிருந்து ஒரு புகார் வந்தது. ஃபயர்வால் லாக்கில் தேடினார்கள், நேரம் 15.40, உள்ளே ஓர் ஐபி. அடுத்து டிஎச்சிபி லாக்கில் பிற்பகல் 3.40-க்கு அந்த ஐபி யாரிடம் இருந்தது என்று பார்த்தார்கள். ஒரு மாணவரின் பெயர் வந்தது. முதல்வர் அறையில் அவரை நிறுத்திவைத்து, அப்பாவை ஊரிலிருந்து வரச் சொல்லிவிட்டார்கள். ஃபயர்வால் யூடிசி (உலகப் பொது நேரம்) நேரத்தில் எழுதுகிறது, விண்டோஸ் டிஎச்சிபி இந்திய நேரத்தில் எழுதுகிறது என்பதை அதுவரை யாரும் கவனிக்கவில்லை. யூடிசி 15.40 என்றால் நமக்கு இரவு 9.10. பிற்பகலில் அந்த ஐபியை வைத்திருந்தவர் மாலையே லேப்டாப்பை மூடிவிட்டு ஊருக்குப் போய்விட்டார். லீஸ் தீர்ந்து, இரவு அதே ஐபி வேறு ஒருவரிடம் இருந்தது.

அந்தப் பையனிடம் பிறகு மன்னிப்புக் கேட்டார்கள். கேட்டால் போதுமா என்று எனக்கு இன்றுவரை மனம் ஆறவில்லை. பேருந்து பிடித்து வந்து முதல்வர் அறை வாசலில் உட்கார்ந்திருந்த அப்பாவுக்கு அந்தப் பகல் திரும்ப வருமா?

அதனால் சொல்கிறேன். நேரம் இல்லாத ஐபி யாரையும் சுட்டாது. எந்த நேர மண்டலம் என்று எழுதாத நேரம் தவறான ஆளைச் சுட்டும். எல்லாச் சாதனத்திலும் என்டிபி (கடிகாரத்தைத் தானாகப் பொருத்தும் முறை) போடுங்கள், எல்லா லாக்கிலும் ஒரே மண்டலம் வையுங்கள், முடியாவிட்டால் +5.30 என்று வரியிலேயே தெரியும்படி செய்யுங்கள். பெயர் சொல்லும் முன் இன்னொருவர் தனியாகச் சரிபார்க்க வேண்டும் என்று விதியாகவே வைத்துக்கொள்ளுங்கள்.

ஜூன் 20, காலை 8.20

மேலே உள்ளதோடு ஒரு துண்டு. வெளியிலிருந்து பார்த்தால் உங்கள் வளாகம் முழுக்க ஒரே பொது ஐபி. அதனால் புகாரில் போர்ட் எண்ணும் நேரமும் இருந்தால்தான் நாட் (உள் ஐபிகளைப் பொது ஐபியாக மாற்றுவது) லாக்கில் உள்ளே யார் என்று தேட முடியும். "இந்த ஐபி, இந்தத் தேதி" என்று மட்டும் கடிதம் வந்தால் கண்டுபிடிக்க இயலாது என்று எழுத்தில் பதில் கொடுங்கள். ஊகித்து ஒரு பெயரைக் கொடுத்துவிடாதீர்கள்.

ஜூன் 27, இரவு 10.00

சரி, மென்பொருள். தம்பியின் முதல் கேள்விக்கு இப்போதுதான் வருகிறேன், பரவாயில்லை.

எக்செல் ஒருவர் கையில் இருக்கும்வரை ஓடும். இரண்டாவது ஆள் வந்ததும் ஒரு பிரதி அவர் மெயிலில், ஒரு பிரதி உங்கள் டெஸ்க்டாப்பில், எது புதியது என்று தெரியாது. அங்கேதான் மாற வேண்டும், சாதன எண்ணிக்கை பெரிய விஷயமில்லை.

பிஎச்பி-ஐபிஏஎம் இலவசம், சின்ன இடத்துக்குப் போதும், தானே ஸ்கேன் செய்து யார் உயிரோடு என்று பச்சை காட்டும். அந்தப் பச்சையும் பிங்தான், மேலே பேசியதெல்லாம் அதற்கும் பொருந்தும். நெட்பாக்ஸ் வேறு ரகம். டிஜிட்டல்ஓஷன் நிறுவனத்துக்குள் எழுதி 2016-இல் திறந்த மூலமாக வெளியிட்டார்கள். நெட்பாக்ஸ் தானாக நெட்வொர்க்கைத் தேடி நிரப்பிக்கொள்ளாது. முதலில் பார்க்கிறவர்களுக்கு இது குறையாகத் தெரியும். எனக்கு அதுதான் பிடித்திருக்கிறது. நெட்வொர்க் எப்படி இருக்க வேண்டும் என்பதை மனிதர்கள் எழுதும் இடம் அது. இப்போது எப்படி இருக்கிறது என்பதை லிப்ரே-என்எம்எஸ் மாதிரி ஒரு கண்காணிப்பு மென்பொருள் ஆர்ப், மேக் டேபிள்களிலிருந்து எடுத்துத் தரும். இரண்டையும் இரவில் ஒப்பிட்டு, ஒத்துவராத வரிகளை மட்டும் காலையில் மெயிலாகப் போடும் ஒரு சின்ன ஸ்கிரிப்ட் எழுதுங்கள். ஸ்கேன் செய்ததையே பதிவேட்டில் தானாக ஏற்றினால் திருட்டுத்தனமாகச் செருகியதும் மறுநாள் முறையான சாதனமாகிவிடும், ஒப்பிட எதுவும் மிஞ்சாது.

லினக்ஸில் ஐஎஸ்சி டிஎச்சிபி வைத்திருப்பவர்களுக்கு: 2022 இறுதியோடு அதன் பராமரிப்பை நிறுத்திவிட்டார்கள். அதே அமைப்பின் கீ (Kea) என்ற டிஎச்சிபி சர்வருக்கு மாறுங்கள். லீஸ் விவரத்தை டேட்டாபேஸில் வைக்கலாம் என்பதால் மேலே சொன்ன ஒப்பீடும் சுலபம்.

ஜூன் 28, மதியம் 2.10

"ஒரு கட்டடத்திலிருந்து மட்டும் புதிய சர்வர் திறக்கவில்லை, மற்ற எல்லா இடத்திலும் திறக்கிறது." அந்தக் கட்டடத்தின் சப்நெட் 172.17 என்று தொடங்குகிறதா? சர்வரில் டாக்கர் (நிரல்களைத் தனித்தனிப் பெட்டியில் ஓட்டும் மென்பொருள்) இருக்கிறதா? டாக்கர் வழக்கமாக 172.17.0.0/16-ஐத் தனக்கென்று உள்ளே எடுத்துக்கொள்ளும். அந்தக் கட்டடத்துக்குப் போக வேண்டிய பதிலை சர்வர் தன் வயிற்றுக்குள்ளேயே அனுப்பிவிடும். டாக்கரின் வரம்பை மாற்றுங்கள், மாற்றியதை ஐபி பதிவேட்டிலும் எழுதுங்கள்.

இதே ரகத்தில் இன்னொன்று. முன்பு பலர் 1.1.1.1 என்பதை யாருக்கும் சொந்தமில்லாத எண் என்று நினைத்து வைஃபை லாகின் பக்கத்துக்கும் சோதனைக்கும் வைத்திருந்தார்கள். 2018 ஏப்ரல் 1 அன்று கிளவுட்ஃப்ளேர் நிறுவனம் ஏப்னிக்கோடு (ஆசிய-பசிபிக் பகுதிக்கு ஐபி ஒதுக்கும் அமைப்பு) சேர்ந்து அந்த முகவரியில் டிஎன்எஸ் சேவையைத் தொடங்கியதும், அப்படி வைத்திருந்த இடங்களிலிருந்து அந்தச் சேவையை எட்ட முடியவில்லை. உள்ளுக்கு 1996-இல் ஒதுக்கிய 10, 172.16 முதல் 172.31, 192.168 வரிசைகள் இருக்கின்றன. உதாரணம் எழுத 192.0.2 வரிசை இருக்கிறது. அடுத்தவர் நிலத்தில் வேலி போட வேண்டிய தேவையே இல்லை.

ஜூலை 6, காலை 11.00

ஐபிவி6 (ஐபி முகவரியின் புதிய, நீளமான வடிவம்) பற்றி யாரும் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லியாக வேண்டும். ஏப்னிக் 2011 ஏப்ரல் 15 அன்றே ஐபிவி4-இன் (நாம் இதுவரை பேசிய பழைய வடிவம்) கடைசிப் பெருந்தொகுதியான /8-க்கு வந்துவிட்டது. நம் ஊர் மொபைல் நெட்வொர்க்குகள் பெரும்பகுதி ஐபிவி6-இல் ஓடுகின்றன. அலுவலகம்தான் பின்தங்கி நிற்கிறது.

"எல்லா ஐபியையும் பிங் அடித்துப் பார்ப்பேன்" என்ற பேச்சு அங்கே முடிந்தது. ஒரு சாதாரண /64 சப்நெட்டில் நொடிக்குப் பத்து லட்சம் முகவரியைத் தட்டினாலும் முடிக்க 5 லட்சத்து 80 ஆயிரம் ஆண்டுக்கு மேல் ஆகும். ஒரு லேப்டாப்பே ஒரே நேரத்தில் நாலைந்து முகவரி வைத்திருக்கும், தற்காலிகமானவை நாளுக்கு நாள் மாறும். ஆண்ட்ராய்டு போன் டிஎச்சிபிவி6-இல் முகவரி வாங்காது, ஆகவே லீஸ் பட்டியலையும் நம்ப முடியாது. மிஞ்சுவது கேட்வேயின் நெய்பர் டேபிள், ஐபிவி4-இல் ஆர்ப் இருந்த அதே இடம். அதைத் தொடர்ந்து எடுத்து வைக்கும் பழக்கம் இப்போதே இருந்தால் அன்று புதிதாக எதுவும் கற்க வேண்டாம். ஐபிவி6 போடவில்லை என்று சொல்பவர்களும் தங்கள் கம்ப்யூட்டரின் நெய்பர் டேபிளைத் திறந்து பாருங்கள். விண்டோஸும் போன்களும் உங்களைக் கேட்காமலே உள்ளுக்குள் அதில் பேசிக்கொண்டிருக்கும்.

ஜூலை 14, இரவு 9.15

திருப்பூர் தம்பியின் கடைசிக் கேள்வி: கம்பெனி முழுக்க 192.168.1 வரிசை, வீட்டிலிருந்து விபிஎன் போடுபவர்களுக்கு ஃபைல் சர்வர் திறக்கவில்லை, என்ன செய்யலாம்?

அவர்கள் வீட்டு ரவுட்டரும் 192.168.1 என்றுதான் இருக்கும். லேப்டாப் சர்வரை வீட்டுக்குள்ளேயே தேடுகிறது. கம்பெனியை மாற்றுவதுதான் தீர்வு. 10 வரிசையில் யாரும் சட்டென்று எடுக்காத ஓர் இரண்டாம் எண்ணைத் தேர்ந்தெடுங்கள். 0, 1, 10, 100 வேண்டாம்.

வேலையை ஒரே இரவில் செய்யாதீர்கள். முதலில் டிஎச்சிபி லீஸை அரை மணிக்குக் குறைத்து, பழைய நீண்ட லீஸ் எல்லாம் தீரும்வரை காத்திருங்கள். கேட்வேயில் பழைய, புதிய இரண்டு முகவரியும் சில வாரம் சேர்ந்து இருக்கட்டும். டிஎச்சிபியைப் புதிய வரிசைக்குத் திருப்பினால் கம்ப்யூட்டர்கள் மதியத்துக்குள் தாமே வந்துவிடும். அப்புறம் ஸ்டாட்டிக் சாதனங்களைப் பிரிவு பிரிவாக நேரில் போய் மாற்றுங்கள். ஐபியை நேராக அடித்து வைத்திருக்கும் பிரிண்டர் செட்டிங், டேலி, கேமரா ரெக்கார்டர் எல்லாவற்றையும் அப்போதே பெயருக்கு மாற்றிவிடுங்கள்.

எல்லாம் முடிந்தது என்று தோன்றிய பிறகு கேட்வேயின் ஆர்ப் டேபிளில் பழைய வரிசையை மட்டும் இரண்டு வாரம் பாருங்கள். அங்கே இன்னும் பேசிக்கொண்டிருப்பவைதான் உங்கள் ஷீட்டில் என்றும் ஏறாதவை. ஒவ்வொன்றையும் மேக்கைப் பிடித்து, போர்ட்டைப் பிடித்து, போய்ப் பார்த்து எழுதிக்கொள்ளுங்கள். இரவு ஷிஃப்டிலும் ஒரு நாள் போங்கள். டேபிள் வெறுமையாக இரண்டு வாரம் நின்ற பிறகு பழைய கேட்வே முகவரியை எடுங்கள், எடுக்கும் முன் கன்ஃபிகரேஷனை ஒரு பிரதி வைத்துக்கொள்ளுங்கள்.